போர்வைக்குள் ஓர் ஆள்

மதியம் மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. முதல் இடி முழங்கியதுமே தோகோ அத்தை வேலையைத் தொடங்கிவிட்டாள். கண்ணாடிக்குத் துண்டு, டிவிக்குப் படுக்கை விரிப்பு, பளபளத்த கெட்டிலுக்குக்கூட ஒரு சாக்கு. மின்னுகிற பொருள் மின்னலைக் கூப்பிட்டுவிடும் என்று அந்த மலைச்சரிவில் எல்லோருக்குமே பயம்.

கடைசியாகச் சினெகுகுவின் அம்மா படுத்திருந்த கட்டிலருகே வந்தாள். அங்கே எஃகுக் கம்பியில் மருந்துப் பை தொங்கியது. அம்மாவின் கால் எலும்பில் புகுந்த கிருமியைக் கொல்லும் மருந்து, குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கை நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை கம்பியையும் சாம்பல் நிறப் போர்வையால் மூடினாள்.

"அத்தை, சொட்டு விழுறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு நர்ஸ் சிஸ்டர் மசுகு சொன்னாங்களே!" என்றாள் சிறுமி சினெகுகு.

"உஷ்! மேல இருக்கிறவர் பேசுறப்ப நாம பேசக்கூடாது. உன் வாய்க்கும் ஒரு போர்வை போடவா?"

மூவரும் வாய் மூடிக்கொண்டார்கள். வீடு இருண்டது. மின்னல் வெட்டும்போதெல்லாம் கட்டிலருகே சாம்பல் நிற ஆள் ஒருவன் தெரிந்தான். தலை இருந்தது, முகம் இல்லை. இடி அதிர்ந்தபோது அம்மா பக்கம் குனிந்தான். வெறும் போர்வைதான் என்று சினெகுகுவுக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது.

அடுத்த மின்னலில் அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் தெரிந்தது.

"அம்மா, கை வலிக்குதா?"

"உஷ்ஷ்!" என்று அத்தை அவள் தொடையில் தட்டினாள்.

அம்மா வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

சினெகுகு எழுந்து போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு போர்வையை இழுத்துப் போட்டாள். மருந்து இன்னும் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஊசி இருந்த இடம் வீங்கிப் புடைத்திருந்தது.

'வீங்கினா குழாயில இருக்கிற இந்தச் சின்னச் சக்கரத்தைக் கீழே உருட்டு, மருந்து நின்னுடும். ஊசியைத் தொடாதே. உடனே எனக்குப் போன் பண்ணு.' சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது அப்படியே நினைவுக்கு வந்தது. சினெகுகு சக்கரத்தை உருட்டினாள். சொட்டு நின்றது.

"அத்தை, போன்!"

அத்தை கூரையைப் பார்த்தாள். வீங்கிய கையைப் பார்த்தாள். பிறகு மூன்று துணி சுற்றி ஒளித்து வைத்திருந்த போனை எடுத்து நீட்டினாள்.

மழை விட்டதும் சிஸ்டர் வந்தார். ஊசியை எடுத்து, மறு கையில் புதிதாகப் போட்டார்.

"மருந்து நரம்புக்கு வெளியே கசிஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா கை புண்ணாயிருக்கும். யாரு நிறுத்துனது?"

அத்தை சினெகுகுவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மறுபடியும் இடி. அத்தை கெட்டில் வரைக்கும் மூடினாள். மருந்துக் கம்பியை மட்டும் தொடவில்லை. மூவரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூரையே பெயர்ந்துவிடும்போல ஓர் இடி விழுந்தது.

அதற்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"அண்ணி, கை வலிக்குதா?" என்றாள் தோகோ அத்தை.