நூற்றுப் பதினெட்டாம் மரம்

வரைபடத்தில் ஒரு மரம் மட்டும் தன் இடத்தில் நிற்க மறுத்தது. மூன்றாவது முறையாக அதை அழித்தாள். தாள் அந்த இடத்தில் தேய்ந்து பஞ்சாகிவிட்டது.

ஆய்வு நிலையத்தின் பின்சுவரில் தொடங்கி மழைக்காட்டுக்குள் அறுபது மீட்டர் போகும் ஒரு பட்டை நிலம். அதிலுள்ள நூற்று இருபத்தொரு மரங்களையும் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல், உயரம் பிசகாமல், ஆய்வுப் பட்டத்துக்காக அவள் வரைய வேண்டும். தலை நீட்டி நிற்கும் பெருமரங்கள், அவற்றின் கீழே கூரைபோல் நெருங்கிய அடுக்கு, அதற்கும் கீழே இருட்டில் மெலிந்து நிற்கும் கன்றுகள். எண்பது வகை. எல்லாவற்றுக்கும் பெயர் கண்டுபிடித்துவிட்டாள், 118ஆம் எண் மரத்தைத் தவிர. அதற்கு இலை இல்லை, பூ இல்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் உயரம் 163 சென்டிமீட்டர்தான். அதன் இடம் பொருந்தவில்லை என்று பேராசிரியர் இரண்டு முறை படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று நான்கு மணி வண்டியில் படம் போகாவிட்டால் நான்கு வருட உழைப்பும் பட்டமும் போய்விடும்.

மணி மூன்று. சாரலுக்காகச் சன்னல்களை இறுகச் சாத்தி, விளக்கைப் போட்டிருந்தாள். மேசையில் வாக்கி டாக்கி கரகரத்தது. அளவு நாடாவோடு காட்டுக்குள் மரங்களை அளந்துகொண்டிருந்த உதவியாளர், ‘டேப்’ அண்ணன்.

“118 இல்லம்மா. காலையிலேருந்து மூணு தடவ சுத்திட்டேன்.”

“போன கணக்கெடுப்புல பதினஞ்சாவது மீட்டர்ல இருந்துச்சே அண்ணா!”

“அங்க குழிதான் இருக்கு. எந்திரிச்சு நடந்து போயிருச்சுன்னு எழுதிக்கோங்க. முட்டி வலி நமக்குத்தானே, அதுக்கென்ன!”

“விளையாடாதீங்கண்ணா. அழுகையா வருது எனக்கு.”

பழைய பதிவேடுகளை எரிச்சலோடு இழுத்துப் போட்டாள். ஐந்து ஆண்டுக்கு ஒன்று. சுவரிலிருந்து 118 நின்ற தூரம்: அறுபது. நாற்பத்தைந்து. முப்பது. பதினைந்து. முன்பு இருந்தவர்களின் அலட்சியம் என்று இத்தனை நாள் திட்டித் தீர்த்திருந்தாள். நான்கு பேர் சேர்ந்து இவ்வளவு ஒழுங்காகவா தவறு செய்வார்கள்?

நிழலில் சிக்கிய கன்றுகள் வருடக்கணக்கில் வளராமல் காத்திருக்கும், எங்காவது வெளிச்சம் இறங்கும்வரை என்று ஆய்வேட்டில் அவளே எழுதியிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் மரங்களை வெட்டி வெளிச்சம் இறக்கிய இடம் ஒன்றே ஒன்று. இந்த நிலையம்.

பதினைந்தில் பதினைந்து போனால் பூஜ்யம்.

பூஜ்யம் என்பது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர்.

டிக்.

மரத்துக்கு மரம் கேட்டுப் பழகிய ஒலி. ஆணியில் தொங்கும் எண் தகடு மரப்பட்டையில் மோதும் ஒலி. வெளியே இல்லை. ஈர மண் வாசனை, மிக அருகில்.

வாக்கி டாக்கியைப் பற்றிக்கொண்டு திரும்பினாள்.

சுவருக்கு இந்தப் பக்கம். நெஞ்சுயரத்தில், அளவெடுக்கப் பூசிய மஞ்சள் வளையம். தகட்டில் 118. மொட்டை நுனி விளக்கை நோக்கிச் சாய்ந்திருந்தது.

விளக்கை அணைத்தாள்.

இருட்டு. மழை. மூச்சை அடக்கினாள். எதுவும் அசையவில்லை.

“அம்மா? கேக்குதாம்மா?”

அவள் கையில் வாக்கி டாக்கியின் சிவப்பு விளக்கு மினுங்கியது.

டிக்.

அந்தச் சிவப்பில், கையெட்டும் தூரத்தில், மஞ்சள் வளையம்.