மூலையைப் பார்த்துச் சிரித்த பிள்ளை

என் இரண்டு கண்ணாணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நேரில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ரெட்டிபாளையத்தில் பிள்ளை பெற்ற மேகலாவின் அறை ஜன்னலை மூன்று மாதமாக ஒரு பழைய சேலை மூடியிருந்தது. சேலையில் ஒரு கிழிசல் உண்டு. நான் பார்த்தது அதன் வழியேதான். அன்று பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனதும் மேகலா செல்போன் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தும் மடியில் கிடந்த பிள்ளை கண்ணைச் சுருக்கவில்லை.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாள்கணக்கில் ஆக்சிஜன் வைத்து, கிருமி தொற்றி, ரத்தம் ஏற்றி, ஒருவழியாகக் கையில் கொடுத்தபோது டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "எடை கம்மி, ஆக்சிஜன்ல இருந்த புள்ள. கண்ணுக்குள்ள ரத்தக்குழா தாறுமாறா வளரும், வெளிய தெரியாது. பொறந்து ஒரு மாசத்துக்குள்ள காட்டிடுங்க. விட்டுட்டீங்கன்னா அப்புறம் லேசர் வச்சும் புண்ணியமில்ல."

காட்டவில்லை. நாத்தனார் காத்தாயி விடவில்லை. தீட்டு கழியட்டும் என்றாள். பிறகு ஆடி போகட்டும் என்றாள். அதற்கும் பிறகு, தலை நிற்கட்டும் என்றாள். புருஷன் சரத்குமார் சிமெண்ட் ஆலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருந்தாலும் அக்காவுக்கு எதிராக வாய் திறக்கிறவன் இல்லை.

"அண்ணி, வெளிச்சத்துக்குக் கண்ணே கூசல. காலைல மொத பஸ்ஸுல போறேன்."

வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்த காத்தாயி திரும்பவேயில்லை. "பெத்துக்கத்தான் அவசரப்பட்ட. இப்ப எங்கடி ஓடுற? கண்ணு தெரியாமயா அந்த மூலையப் பார்த்துச் சிரிக்குது? சாமி பூ காட்டுது, உடு."

சிரித்துக்கொண்டுதான் இருந்தது. சிமெண்ட் லாரி ஒவ்வொன்றும் கடந்து போகையில் ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்து, சாம்பிராணிப் புகையோடும் புளித்த பால் வாடையோடும் கலந்து தொண்டையில் அப்பிக்கொள்ள, பிள்ளையின் கண்கள் மட்டும் சுவரை ஒட்டி, மெதுவாக, யாரோ நடப்பதைப் பார்ப்பதுபோல் நகர்ந்தன. மேகலா விளக்கை இடப்பக்கம் ஆட்டினாள். கண்கள் வலப்பக்கம் போயின.

மூலையிலிருந்து அலமாரிக்கு. அலமாரியிலிருந்து தூளிக்கு.

லாரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

தூளிக் கயிறு கிறீச்சிட்டது. தூளி காலி.

கண்கள் இன்னும் கிட்டே வந்தன. அவள் முழங்கை. அவள் தோள். அங்கேயே நின்றுவிட்டன.

பிடரியில் ஈரச் சிமெண்டின் சில்லிப்பு.

"அண்ணி..."

"என்னடி?" எரிச்சலோடு திரும்பிய காத்தாயி, நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டாள். "ஒம் பின்னால யாருடி நிக்கிறது?"

மேகலா திரும்பவில்லை. விளக்கைப் பிள்ளையின் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கண்மணி இரண்டும் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை.

இனி எந்த பஸ்ஸில் போய் என்ன?

பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. விரலத்தனை கையை அவள் தோளுக்கு மேலே நீட்டியது.

சாம்பல் நிறத்தில் ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது.