பழைய உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம்

யாரும் வந்து இறங்காமலே ஒன்பதாம் அறையில் ஆள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் திரை காட்டியது.

மேரிசெல்வி மறுபடி பார்த்தாள். மாலை ஐந்து மணி. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய அந்த ரிசார்ட்டில் அன்று ஒரு விருந்தினர்கூட இல்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடக்க, ஏசியின் உறுமலுக்கு அடியில், கழிவெளி ஏரிச் சேற்றின் வாடை எங்கிருந்தோ மெல்லக் கசிந்து வந்துகொண்டிருந்தது.

திரையில் பெயர் தட்சணாமூர்த்தி. பிளாட்டினம் உறுப்பினர். இருபத்திரண்டு வருடம்.

வராமல் நின்றுபோன பழைய உறுப்பினர்களை எப்படியாவது மறுபடி வரவழைப்பதுதான் அவள் வேலை. இலவச அறை, பழக்கூடை எல்லாம் அவர்களுக்குச் சலித்துப்போயிருந்தன. போன மாதம் இவர் வீட்டுக்கும் போன் செய்தாள். மகள் ரேகா எடுத்தாள்.

"அப்பா தவறி எட்டு மாசம் ஆவுதுங்க."

பட்டியலில் அப்படி இன்னும் பதினோரு பேர். பெயர்களை எடுத்துவிடலாமா என்று மேனேஜர் புருஷோத்தமனிடம் கேட்டாள்.

"வாணாம்மா. பிளாட்டினம் நம்பர் கொறஞ்சா ஹெட் ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. எல்லாருக்கும் லெட்டர் போட்டுடு. மனசத் தொடுற மாதிரி எழுது."

எழுதினாள். 'உங்கள் அறை காத்திருக்கிறது. திரும்பி வாருங்கள். எது கேட்டாலும் தருகிறோம்.' இறந்தவர்களுக்கும் சேர்த்தே அனுப்பினாள்.

மேஜைப் போன் அடித்தது. ஒன்பதாம் அறை.

"லெட்டர் வந்துச்சும்மா." தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். "நீதான எழுதுன?"

"சார்... யாரு பேசறது?"

"எத்தினி வருசமா வர்றேன். என்னைப் போய் யாருன்னு கேக்கறியே."

போன் வைக்கப்பட்டது. புருஷோத்தமனை அழைத்தாள். அவர் திண்டிவனத்தில் இருந்தார். "எவனோ விளையாடறான். போய்ப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார்.

போனாள். நடைபாதையின் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் தரைவிரிப்பு ஈரமாக அமுங்க, செருப்புக்கடியில் ஏதோ நறநறவென்று நொறுங்க, அந்தச் சேற்று வாடை தொண்டைவரை இறங்கியது. ஒன்பதாம் அறைக் கதவு திறந்திருந்தது.

ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் ஒருவர். ரிசார்ட்டின் வெள்ளை அங்கி. பின்கழுத்தெல்லாம் பொருக்குப் பொருக்காக உப்பு.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்ன வேணும் சார்?"

அவர் திரும்பவில்லை.

"தனியா இருக்க முடியல. கூட இரு."

கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. உள்ளங்கை எரிந்தது.

"சேசுவே..."

ஜன்னலுக்கு வெளியே, பாத்திகளின் நடுவே, ஏதோ எழுந்தது. வெள்ளை அங்கி. இன்னொன்று. வரப்பு நெடுக. எண்ணினாள். பதினொன்று. எல்லா முகமும் இந்த அறையை நோக்கி.

நடந்தார்கள். அவசரமே இல்லாமல். ஒவ்வொரு கையாகக் கண்ணாடியில் பதிந்தது. சத்தமே இல்லை.

அவள் அலற வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. நாக்கின் மேல் உப்பு. உதட்டில் உப்பு. கொட்டியது. தரையில் குவியலாய். நிற்காமல்.