பங்காளிகளின் ரத்தம்

சுபஸ்ரீயின் கழுத்தில் துண்டு இறுகியது.

வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதை. வளைவில் நின்ற ஜீப். பட்டப்பகல்.

அவள் நகங்கள் ஆதிமூலத்தின் முன்கையைப் பிறாண்டின. தோல் உரிந்தது. அவர் விடவில்லை. அவள் கால்கள் உதைத்தன... துடித்தன... அடங்கின.

சற்று முன்புதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சிரித்தபடி சொல்லியிருந்தாள்.

"ஒய் குரோமோசோம் சார். ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு அப்படியே வரும். உங்க பங்காளிங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கு. நீங்க மட்டும்தான் இன்னும் டெஸ்டுக்கு எச்சில் குடுக்கலை."

"நான் எதுக்கும்மா துப்பணும்? என்னுதும் அதான."

"இன்னொரு அதிசயம் கேளுங்க. உங்க வயல்ல கூலி வேலை செய்ற ராசு அண்ணனுக்கும் அதே வழிதான். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே தகப்பன்."

"யார்கிட்டனா சொன்னியா?"

"இல்லை சார். ஆடியில உங்க குலதெய்வம் கோயில்ல கூடுவீங்களே... அங்கே மைக்ல சொல்லிடலாம்னு."

அந்தக் கோயிலில் முதல் காப்பு ஆதிமூலத்தின் கையில்தான் ஏறும். அதே இடத்தில், கூலிக்காரனும் அவரும் ஒரே தகப்பன் வழி என்று ஒருத்தி மைக்கில் சொல்வதா?

உடலைப் பள்ளத்தில் உருட்டினார். கீழே பாறையில் மண்டை மோதிய சத்தம் மேலே வரை கேட்டது.

மறுநாள் உடல் கிடைத்தது. சுபஸ்ரீ ஆராய்ச்சிக்காகச் சந்தித்த ஆட்களை விசாரித்தபடி, தியாகதுருகத்தில் அவர் வீட்டுக்கு வந்தாள் இன்ஸ்பெக்டர் எழில்மதி.

"கையில இன்னாங்க காயம்?"

"கரும்புச் சோகை கீறிடுச்சும்மா."

"பொண்ணோட நகத்துல ஆம்பளைத் தோல் இருக்கு. அதுல ஒய் குரோமோசோம் மட்டும்தான் தெளிவா கிடைக்கும்னு லேப்ல சொல்றாங்க. ரத்தம் குடுக்குறீங்களா?"

ஆதிமூலம் மனதுக்குள் சிரித்தார். பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒன்றுதானே? அதை வைத்து அவரை மட்டும் எப்படிப் பிடிப்பார்கள்?

கையை நீட்டினார்.

"தாராளமா எடுத்துக்க. கம்மியா எடுத்துக்கினு போயி, பத்தலைன்னு திரும்ப வராத."

ஆடி வெள்ளி. குலதெய்வம் கோயிலில் பூசாரி அவர் மணிக்கட்டில் காப்பைக் கட்டிய நேரம், போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"நகத்துல இருந்ததும் உங்க ரத்தமும் ஒண்ணுங்க" என்றாள் எழில்மதி.

"இருக்கட்டுமே. என் தம்பி வீரமணிக்கும் அதான். இங்க நிக்கிற அத்தினி பேருக்கும் அதான். எல்லாரையும் ஏத்துறதுக்கு லாரி கொண்டாந்தியா?"

"சுபஸ்ரீ எடுத்து வெச்ச எச்சிலோட ஒத்துப் பாத்தோம். உங்க பங்காளிங்க எல்லாம் ஒரே வழி. ராசுவும் அதுல வர்றார். நீங்க ஒருத்தர்தான் எதுலயும் சேரலை. நகத்துல இருந்ததும் அந்தச் சேராத வழிதான்."

மேளம் நின்றது.

வீரமணியின் முஷ்டி அண்ணன் வாயில் இறங்கியது. பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் விழுந்தது.

"இத்தினி வருஷம் அண்ணாத்தே அண்ணாத்தேன்னு கும்புட்டேனேடா... அவுருடா காப்பை."

ஆதிமூலம் ஆடு வெட்டும் அரிவாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். எழில்மதியின் லத்தி சுழன்றது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அரிவாள் தெறித்தது.

மண்ணில் விழுந்து கிடந்தவர் ரத்தத்தைத் துப்பினார்.

"அப்போ... நான் யார் வழிம்மா?"

எழில்மதி விலங்கைப் பூட்டினாள்.

"அதைக் கண்டுபுடிச்சி சொல்ற ஒரே பொண்ணையும் பள்ளத்துல தள்ளிட்டு வந்துட்டீங்களே, சார்."