டாக்டரின் முகக் களிம்பு

மனிதகுலம் சற்றே நின்று கவனிக்க வேண்டும்: பன்னாட்டு மாநாட்டு மேடைகளை அலங்கரித்த தோல் மருத்துவ மேதையின் முகக் களிம்பில் கைவரிசை காட்டப்பட்டுவிட்டது.

"என் டப்பாவுல வெறும் வாசலின் சார்," என்றார் டாக்டர், துப்பறிவாளரிடம். "ஒரு மாசமா ஜலதோஷம். இன்னைக்குத்தான் மூக்கு திறந்துது, வாசனையே இல்ல. சாயங்காலம் களிம்புக் கம்பெனிக்காரங்க விளம்பரம் எடுக்க கேமராவோட வர்றாங்க. எவனோ என்னைக் கவிழ்க்கப் பாக்கிறான்."

அவருடைய முகம் பளபளத்தது. வலது கை மட்டும் கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

துப்பறிவாளர் சுவரைப் பார்த்தார். பட்டங்களைவிட, கம்பெனி செலவில் போன ஊர்களின் படங்கள் அதிகம்.

"போட்டிக் கம்பெனி வேலை, அத்தான்," என்றார் துப்பறிவாளருடன் வந்த அவருடைய மைத்துனர். "நர்ஸை வளைச்சிருப்பாங்க."

"எனக்குச் சம்பளம் தேதிக்கு வந்தா போதும்," என்றாள் நர்ஸ்.

"நோயாளிகளுக்குப் போடற களிம்பு?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அலமாரில இருக்கு. அது அசல். நானே விரலால தடவிக் காட்டுவேன்," என்றார் டாக்டர்.

"அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க."

கை தயங்கி வந்தது. இரண்டு விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"சோப்பு ஒத்துக்கல," என்றார் தோல் மருத்துவ மேதை.

"கவிழ்க்க நினைச்சவன் அலமாரில கை வெச்சிருப்பான். டப்பாவை மாத்தினவங்க உங்க முகத்தை மட்டும் காப்பாத்தியிருக்காங்க. அசல் பட்ட விரல் உரியுது, வாசலின் பட்ட முகம் மினுங்குது. இந்த முகத்து மேல யாருக்கு அக்கறை?"

"எனக்குத்தான்," என்றாள் வாசலில் நின்ற மனைவி. "இதைப் பூசி உரிச்ச வெங்காயமா இருந்தீங்க. சொன்னாக் கேக்கல, மாத்தி வெச்சேன். தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறவ நான். இப்பவாவது உண்மையச் சொல்லிடுங்க."

"எந்த வாயால?" என்றார் டாக்டர். "லேசர் மெஷின் கம்பெனியோடது. கட்டடத்துக்கு முன்பணம் அவங்க குடுத்தது. வாயத் திறந்தா நாளைக்கே பூட்டு."

மாடிப்படியில் காலடிகள் கேட்டன.

"பின்வாசல் இருக்கா?" என்றார் மைத்துனர்.

"இருக்கு. திறந்தா அவங்க கிடங்கு," என்றாள் மனைவி.

கேமரா வந்தது. முகத்தைப் பார்த்து எல்லோரும் சொக்கிப்போனார்கள். டாக்டர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு இடது கையால் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, தன் முகத்துக்கு இதுதான் காரணம் என்றார்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நீண்டது.

துப்பறிவாளருக்குக் கட்டணமாக ஆறு டப்பா களிம்பு கொடுத்தார்கள்.