கத்தாத வீடு

மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையில் கூச்சல் கிளம்பியது. வாசலில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. தையல்காரிக்கு அதுதான் உறுத்தியது.

காவல் நிலையம் வெகு தூரம் என்பதால் அந்தத் தெரு தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. திருடனைக் கண்டவர் குரல் கொடுப்பார். கேட்ட வீடு கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு அதே குரலை அடுத்த வீட்டுக்குக் கடத்த வேண்டும். யார், என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டு முடிப்பதற்குள் அவன் கம்பி நீட்டிவிடுவான். எந்த வீடு கத்தவில்லையோ, அந்த வீட்டில் அவன் ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம்.

போன வருஷம் அவளும் கத்தினாள். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே மிஷினைத் தட்டித் தட்டிக் கத்தினாள். தட்டல் ஓய்ந்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். வேலை கிடைத்துவிட்டதென்று அக்காவிடம் சொல்ல ஓடி வந்த தம்பி, தெருவில் மூச்சில்லாமல் கிடந்தான். சட்டைப்பையில் வேலைக் கடிதம், ரத்தத்தில் ஈரமாக.

"தெரியாம நடந்துபோச்சும்மா," என்றார் எதிர்வீட்டுக்காரர். கம்பைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

இன்றைக்கும் கூச்சல் வீடு வீடாக நெருங்கியது. மிஷின் எண்ணெய் நெடியும் வெயிலில் வெந்த துணி வாசமும் அடைத்துக் கிடந்த அறைக்குள் தட்டுகளின் டங் டங் நுழைந்தது. அதற்கும் அடியில், வெறுங்காலோடு ஒருவன் ஓடி வரும் சத்தம் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, தொறயேன். மூச்சு வாங்குது."

யோசிக்கவே இல்லை. திறந்தாள். இழுத்தாள். தாழ்ப்பாள் போட்டாள்.

"எருமை, நடந்து வரக் கூடாதா?" ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த திட்டு அது.

"நடந்தா சேதி ஆறிடுமேக்கா." சிரித்தான். வாயில் பல் இல்லை.

வெளியே தட்டல் நின்றது. இனி அவள் வீட்டு முறை. தெருவே காத்திருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தம்பியின் கை அவள் தோளில், சில்லென்று.

கத்தமாட்டேன்.

காலடிகள். நிறைய.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். கம்புகள். முன்னால் ஒரு பெண். அவள் கட்டியிருந்த அதே புடவை. அவளுடைய அதே முகம்.

"தம்பி," அந்தப் பெண் கொஞ்சலாகக் கூப்பிட்டாள். "அக்கா வந்திருக்கேன்டா. வெளிய வா."

அக்கா கூப்பிட்டால் பாதிச் சோற்றில் எழுந்து வருகிறவன் அவன். தோளிலிருந்து கை நழுவியது.

முந்தானையைப் பிடுங்கி எறிந்தாள். போகாதடா என்று கத்த வாயைத் திறந்தாள்.

குரல் இல்லை. அது வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.