ஜஹனாராவின் பக்கத்து இடம்

முன் சீட்டில் டிரைவர் தணிகாசலம். அவருக்கு அருகே, மடியில் மஞ்சள் பையோடு, கணக்கு வாத்தியார் ராமானுஜம். நடு சீட்டில் ஜன்னலோரம் ஜஹனாரா. அவளுக்குப் பக்கத்தில், இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த டீச்சர் வர்ஷினி. பின் சீட்டில், புளியோதரைத் தூக்கோடு, தனியாகச் சூடாமணி. ஆக ஐந்து பேர்.

மயிலாப்பூரில் பள்ளிக்கூட வாசலுக்கு வேன் வந்ததும் முதலில் ஏறியவள் சூடாமணிதான். ஆனால் ஜஹனாரா எப்போதும் உட்காரும் ஜன்னலோரத்துக்குப் பக்கத்து இடத்தில் ஏற்கெனவே ஒரு கைக்குட்டை கிடந்தது. ஓரத்தில் நீல நூல் பூ.

"ஜன்னல் வழியாவே போட்டுட்டேன் மிஸ்!" என்று வெளியிலிருந்து வர்ஷினி சிரித்தாள். "பஸ்ல வந்து வந்து பழக்கமாயிடுச்சு."

ஒவ்வொரு வருஷ ஆசிரியர் சுற்றுலாவிலும் அது சூடாமணியின் இடம். யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருந்ததில்லை.

"சூடா, தூக்கை நீயே வெச்சுக்கோ," என்றாள் ஜஹனாரா. "இவகிட்ட குடுத்தா திருவான்மியூர் தாண்டறதுக்குள்ள காலி."

எல்லோரும் சிரித்தார்கள். சூடாமணியும் சிரித்தாள். கன்னம் வலித்தது.

பாலவாக்கம் தாண்டி, புதிதாகப் போட்ட கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்புகளின் நிழல் கோடு கோடாக வேனுக்குள் விழுந்து ஓட, முன்னால் இரண்டு தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏதோ பேசின. காற்று அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய், சிரிப்பை மட்டும் பின் சீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியது.

அவர்கள் போய் இறங்கிய பரங்கித்துறை அழகான ஊர். சாய்ந்த ஓட்டு வீடுகள், வளைவு ஜன்னல்கள், உதிர்ந்த சுண்ணாம்புச் சுவர்களில் காகிதப் பூக்கொடி. எந்தத் தெருவில் நுழைந்தாலும் கோடியில் கடல். அந்தக் காலத்து வெள்ளைக்கார வியாபாரிகள் கட்டிய விருந்து மண்டபம் ஒன்று கூரையில்லாமல் நின்றது. உள்ளே சுவரோடு சுவராக நீளக் கல் பெஞ்சு. உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்ததுபோல் அதில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உருண்டைக் கல் இருந்தது.

"காலியா வுட மாட்டோம்மா," என்றாள் எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹமீதுன்னிசா, டீயை ஆற்றியபடி. "கல்லு இருந்தா அந்தச் செத்துப்போன தொரைங்க கம்முனு உக்காந்திருப்பாங்க. கல்லை எடுத்து அங்க வேற ஆளுக்கு எடம் போட்டா, எழுந்து அந்த ஆளோட எடத்துக்குப் போயிடுவாங்க."

"நம்ம எட்டாங்கிளாஸ் பசங்களுக்கும் ஆளுக்கொரு கல்லு வெக்கலாம் போலிருக்கே!" என்றார் ராமானுஜம்.

சாப்பாட்டுக்குத் தூக்கை எடுக்கச் சூடாமணி வேனுக்குத் திரும்பினாள். நடு சீட்டில் அந்தக் கைக்குட்டை. திரும்பும் பயணத்துக்கும் வர்ஷினி இடம் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பவுடர் வாசனை. விரலால் தொட்டாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் யாரும் இல்லை. வாசலிலிருந்து ஐந்தாவது குழியின் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். குழி ஈரமாக இருந்தது. கைக்குட்டையை அதில் விரித்தாள். 'உனக்கு இடம்தானே வேணும்? உட்காரு.'

முதுகுப் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். காற்றுதான். கடல் காற்றுதான்.

பொழுது சாயும்போது எல்லோரும் வேனுக்கு வந்தார்கள்.

"என் கர்சீப்பைக் காணோமே!" என்றாள் வர்ஷினி.

"மண்டபத்துல பாத்தேன்," என்றாள் சூடாமணி. "உள்ள, பெஞ்சு மேல."

வர்ஷினி ஓடினாள். நல்ல பெண், நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

சூடாமணி அவசரமாக வேனில் ஏறி ஜஹனாராவின் பக்கத்தில் உட்காரப் போனாள். ரெக்சினில் கை பட்டது. சில்லென்று இருந்தது. பாசி நாற்றம். காலியான அந்தச் சீட்டு, கனமான ஆள் உட்கார்ந்ததுபோல, மெல்ல உள்ளே அமுங்கியது.

"சூடா, என்ன அவ மடியிலேயே உக்கார்றே?" ஜஹனாரா சிரித்தாள். "பின்னாடி போ."

ராமானுஜம் திரும்பி விரலால் எண்ணினார். "அஞ்சு பேர். கணக்கு சரி. கிளப்புங்கோ."

"வர்ஷினி வரலை!" என்றாள் சூடாமணி. "இன்னும் உள்ள இருக்கா!"

"இன்னாம்மா நீங்க? அதான் குந்திக்கினு கீதே!" என்றார் தணிகாசலம்.

ஜஹனாரா சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள்: "காலையிலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன் சூடா. சின்னப் பொண்ணு அவ. இந்தப் பொறாமை வேணாம்."

வேன் நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாகச் சூடாமணி பார்த்தாள். மண்டபத்து வளைவுக்குள் வர்ஷினி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து. கைகள் மடியில். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் வேனைத் தொடர்ந்தன.

முன்னால் ஜஹனாரா, காலி இடத்தின் பக்கம் சாய்ந்து, ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

மறுநாளும் ஆசிரியர் அறையில் ஜஹனாராவின் பக்கத்து நாற்காலி நனைந்திருந்தது. அதற்கடுத்த நாளும். ஜஹனாரா அதற்கு டீ வாங்கி வைத்தாள். டீ ஆடை கட்டி ஆறியது. சூடாமணியின் நெஞ்சில் பயத்தோடு இன்னொன்றும் குத்தியது. அந்தச் சிரிப்பு தனக்கு இல்லையே என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். தான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் பழகிய முறைப்படி, தேதி, ஊர் எல்லாம் போட்டு, மார்ஜின் விட்டு.

'அன்புள்ள ஹமீதுன்னிசா அம்மாவுக்கு. வாசலிலிருந்து ஐந்தாவது குழியில் ஒரு கைக்குட்டை இருக்கும். நீல நூல் பூ. அதை எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கிற பெண்ணை எழுப்பி அனுப்புங்கள். நான்தான் வைத்தேன்.'

உறையில் போட்டுப் பசை தடவி அழுத்தி ஒட்டினாள். பியூன் சேட்டு கையை நீட்டினான். "குடு மிஸ், இப்பவே போட்டுட்டு வந்துடறேன்." வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

விரலெல்லாம் பசை. துடைக்க, எப்போதும் செருகியிருக்கும் தன் கைக்குட்டையைத் தேடி இடுப்பில் கை வைத்தாள்.

கைக்குட்டை இல்லை.

"அதையா தேடறே?" என்றாள் ஜஹனாரா. "காலையில வர்ஷினி எடுத்துட்டுப் போனாளே. மறுபடி அந்த ஊருக்குப் போறாளாம். உனக்கும் ஒரு இடம் போட்டு வெக்கிறேன்னா. பாரு, உன்மேல அவளுக்கு எவ்வளவு பிரியம்!"

பக்கத்து நாற்காலி காய்ந்திருந்தது. காலியாக. ஜஹனாரா அதைத் தட்டிக் காட்டினாள். பழைய சிரிப்பு. பழையபடியே.

"வா சூடா. உன் இடம்தானே?"

போகக் கூடாது. தெரிந்தது. கால்கள் போயின.

உட்கார்ந்தாள்.

மரம் இல்லை. கல். ஈரக் கல்.

எழ முயன்றாள். முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, எட்டாத தூரத்தில், சேட்டு சிவப்புப் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டான். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. அலைச் சத்தம்தான் கேட்டது. அதோடு, இடப்பக்கத்துக் குழியிலிருந்து, வர்ஷினியின் மூச்சு.